பதினேழு உதாரணங்களில் ஒரு லிஃப்ட் மெக்கானிக்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கூலி வேலையிலிருந்து வந்தது. பணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் புழங்கும் நாற்பது சொற்றொடர்களுக்குத் தமிழில் அர்த்தமும் உதாரணமும் எழுதித் தரும்படி ஒரு பதிப்பகம் கேட்டது. ‘காஸ்ட்ஸ் ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்’: ஒரு கையும் ஒரு காலும் விலை, அதாவது ஆனை விலை குதிரை விலை. ‘மணி டு பர்ன்’: எரிக்கிற அளவுக்குப் பணம். நாம் பணத்தைத் தண்ணீராகச் செலவழிக்கிறோம், அவர்கள் கொளுத்துகிறார்கள்.

[பணமும் மொழியும் சந்திக்கும் புள்ளியில் மனித மனம்...]

மேலே இருப்பது என் முதல் தொடக்கம். கட்டுரை வாடை அடித்ததால் பாதியில் விட்டேன். அதைக் கோடு போட்டு அழிக்காமல் அடைப்புக்குறிக்குள் வைத்திருப்பது, நானும் அப்படியெல்லாம் எழுதக்கூடியவன் என்று நீங்கள் தெரிந்துகொள்ளத்தான்.

2

அர்த்தம் எழுதுவது சுலபம். உதாரணம்தான் உயிரை வாங்கும். அதற்கு ஓர் ஆள் வேண்டும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஆள் தேடி வெளியே போவதில்லை, சொந்தக்காரர்களை எடுத்துப் போடுவோம். நான் அத்தானை எடுத்தேன், என் அக்காவின் கணவரை. யாருக்கும் தெரியக் கூடாதே என்று, ‘என் அத்தான்’ என்று வந்த இடத்திலெல்லாம் ‘லிஃப்ட் மெக்கானிக்’ என்று மாற்றினேன்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். என் சாமர்த்தியத்தை நீங்கள் மெச்சலாம்.

‘டைட் ஃபிஸ்டட்’, இறுக்கி மூடிய கை, கஞ்சன்: லிஃப்ட் மெக்கானிக் ஒரே தேயிலைப் பையில் இரண்டு முறை டீ போடுவார். ‘பென்னி பிஞ்சர்’, சல்லிக்காசையும் கிள்ளிக் கிள்ளிச் செலவழிப்பவர்: லிஃப்ட் மெக்கானிக் தீர்ந்துபோன பற்பசைக் குழாயைக் கத்தரியால் வெட்டி வழித்தெடுப்பார். ‘ப்ரேக் த பேங்க்’, கையிருப்பைக் காலி செய்வது: மகளுக்கு ஒரு பலூன் வாங்கினால் கையிருப்பு கரைந்துவிடாது என்று லிஃப்ட் மெக்கானிக்கிடம் மனைவி சொன்னாள்.*

* பலூன் என் கைச்சரக்கு. உண்மையில் கேட்காமலே இரண்டு வாங்கி வந்தார். உண்மையை எழுதினால் உதாரணம் கெட்டுவிடும்.

3

அக்கா போன் செய்தாள்.

“டேய், உங்க அத்தானுக்கு இங்கிலீஷ் வேணும்டா. திங்கட்கிழமை சூப்பர்வைசர் வேலைக்கு இன்டர்வியூ. வயசு வரம்புல இதுதான் கடைசி. முட்டி தேஞ்சுபோச்சு, இனிமே லிஃப்டுக்கு அடியில இருக்கிற அந்தக் குழிக்குள்ள இறங்கி ஏற முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.”

எனக்குப் பாசம் பொங்கியது. நாற்பது சொற்றொடர்களையும் அச்சுக்குப் போகும் வடிவத்திலேயே அவருக்கு அனுப்பிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். மூன்றாவது தட்டில் ஞாபகம் வந்தது.

4

[அத்தான் கதவை எட்டி உதைத்தார்.] அவர் கதவைச் சாத்தினால் சத்தமே கேட்காது. தொழில் அப்படி.

[அத்தானுக்கு ஒன்றும் புரியவில்லை.] இந்த வடிவம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அக்கா படித்துவிட்டு, “அவர் என்ன மக்கா?” என்றாள். எடுத்துவிட்டேன்.

நடந்தது இதுதான். சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பிப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

“வா மச்சான். என் தொழில் பதினேழு எடத்துல வருது.”

“அத்தான், அது வந்து...”

“நல்லதாப் போச்சு. சொந்த விஷயம்னா மனசுல நிக்குது பாரு.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஐ ஆம் டைட் ஃபிஸ்டட்.”

“ஐயோ, அதை இன்டர்வியூல சொல்லிடாதீங்க!”

“ஏன்? உங்க கம்பெனி காசுலயும் இப்படித்தான் இருப்பேன், ஒரு போல்ட் வீணாப் போகாதுன்னு சேர்த்துச் சொல்லப் போறேன். என்ன தப்பு?”

“அர்த்தமெல்லாம் நேத்தே படிச்சு முடிச்சாச்சுடா” என்று அக்கா என் முன்னால் டம்ளரை வைத்தாள். வைத்த சத்தத்தில் மீதியைப் புரிந்துகொண்டேன்.

இங்கேயே கதையை முடித்தேன். கிண்டலையே தகுதியாக்கிக்கொண்ட மனிதர், அழகான முடிவு. இரண்டு தடவை படித்து என்னை நானே பாராட்டிக்கொண்டேன். திங்கட்கிழமை காலை அத்தானே போன் செய்து அதைக் கெடுத்தார்.

5

“மச்சான், இன்னும் ஒருத்தர், அடுத்தது நான். ஒரு சந்தேகம்.”

“கேளுங்க அத்தான்.”

“முப்பத்தெட்டாவது. வொர்த் எவ்ரி பென்னி.”

“கொடுக்கிற ஒவ்வொரு காசுக்கும் தகும்னு அர்த்தம். பொருளுக்கும் சொல்லலாம், ஆளுக்கும் சொல்லலாம்.”

“அது தெரியும். உதாரணத்துல ஒரு டாக்டரைப் போட்டிருக்கே.”

“ஆமா.”

“நாற்பதுல ஒரு மனுஷனைப் பத்தி நல்லதாச் சொல்றது அது ஒண்ணுதான். அங்க மட்டும் ஏன் மச்சான் லிஃப்ட் மெக்கானிக் வரல?”

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். “வந்து பேசுறேன்” என்று வைத்துவிட்டார்.

6

[டாக்டரை எடுத்துவிட்டு லிஃப்ட் மெக்கானிக் என்று...]

எட்டு நொடி வேலை. தட்டச்சும் செய்துவிட்டேன், பிறகு அழித்தேன். இப்போது மாற்றினால் அது அவர் கேட்டு வாங்கியதாகிவிடும். மாற்றாமல் விட்டால் நான் எழுதியது எழுதியபடி நிற்கும். ஏன் வரவில்லை என்றால், எனக்குத் தோன்றவேயில்லை. பதினான்கு வருஷம் அந்த மனிதர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், தோன்றவேயில்லை. வெட்கமாக இருக்கிறது.

வேலை கிடைத்ததா என்று என்னைக் கேட்காதீர்கள், அதை முடிவு செய்கிறவர்கள் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னும் அரை மணி நேரத்தில் அத்தான் கூப்பிடுவார். கேட்டதையே திரும்பக் கேட்பார், அவருக்கு எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவர் கேட்டால் என்ன சொல்வீர்களோ, கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.