கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பான் இசை

"வண்டிய நிறுத்துங்க, பூத்ராம் அண்ணே!"

போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரைப் பயணிகளுக்குச் சுற்றிக்காட்டும் அகீலா, இந்த இடத்தில் மட்டும் வண்டியை நிறுத்தச் சொல்லவே கூடாது என்று சுற்றுலா முதலாளி முதல் நாளே சொல்லியிருந்தார். கார்னிவல் திருவிழா நெருங்கினால் சாயங்காலங்களில், எண்ணெய்ப் பீப்பாயில் செய்த ‘பான்’ மேளங்களை வாசித்துப் பழகும் பான் யார்டுக்குள் யார் வேண்டுமானாலும் போய் ஒத்திகை கேட்கலாம், காசு கிடையாது. இது தெரிந்துவிட்டால் முதலாளியின் ஓட்டல் கச்சேரிக்கு எவன் டிக்கெட் வாங்குவான்? அதனால் சிக்கனச் சுற்றுலாக்காரர்கள் வண்டியின் மூடிய கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். குடும்பத்திலேயே முதல் ஆளாக அகீலா இசைப் பட்டம் வாங்கியது இந்த ஊமைப் படம் காட்டத்தான் போலும்.

"வேலை போயிரும், புள்ள," என்றார் ஓட்டுநர் பூத்ராம்.

"என் வேலைதானே? உங்களுக்கென்ன?"

"எனக்கென்னவா? போன வருஷப் போட்டியில எங்க பேண்டு குழுவத் தோக்கடிச்ச பயலுவ யார்டு இது! எங்க யார்டா இருந்தா முதலாளியே குறுக்கப் படுத்தாலும் நிறுத்துவேன்."

"உங்க ஆளுங்க வாசிச்சா, இந்தப் பயணிங்க அடுத்த விமானத்துலயே ஊருக்குப் போயிருவாங்கண்ணே."

வந்த கோபத்தில் பூத்ராமின் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. வண்டி குலுங்கி நின்றது.

"இறங்கு! இறங்குடி கீழ!"

"அதத்தாண்ணே கேட்டேன்."

கதவைத் திறந்ததும் எண்ணெய்ப் பீப்பாய்களின் முழக்கம் உள்ளே பாய்ந்தது. பின்வரிசையில் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். அகீலா கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி ஸ்டியரிங்கில் மாட்டினாள்.

"முதலாளிகிட்ட குடுத்துருங்க."

பயணிகளைப் பார்த்து, "வாங்க, காசு கிடையாது," என்றாள். யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமல் இறங்கி நடந்தாள்.