ஒரு நாள் முந்திக் கேட்ட என்ஜின்

ஹாலோபெக் ஊரில் அந்த என்ஜினின் சத்தம் அது ஓடுவதற்கு முந்தின நாளே கேட்டுவிடும். செவ்வாய்க்கிழமை சோதனைக் கொட்டகையில் அதை ஓட்டினால், திங்கட்கிழமை அதே நேரத்தில் ஊர் ஜன்னல்கள் அதிரும். செவ்வாயன்று என்ஜின் வாயில்லாப் பூச்சியாகச் சுழலும், காதில் விழுவதோ புதன்கிழமையின் சத்தம். இருபத்துநாலு உருளைகள் கொண்ட பெரிய என்ஜின் அது, புதிய போர் விமானம் ஒன்றுக்காகச் செய்யப்பட்டது. முதல் மாதம் பாதிரியார் மலைகளைக் காரணம் சொன்னார். இரண்டாம் மாதம் வெண்ணெய் ரேஷன் குறைந்தது, ஊர் அதைப் பேசப் போய்விட்டது.

சத்தம் முந்தி வருவதில் ஒரு சங்கடம் இருந்தது. பேரிங் உருகி என்ஜின் உடையும் சத்தமும் முந்தியே வந்துவிடும். சோதனைக் கொட்டகைக்குத் தலைவியாக இருந்த வினிஃப்ரெட் ஹெஸ்கெத் காலைச் சாப்பாட்டில் கரண்டியை வைத்துவிட்டு, "நாளைக்கும் போச்சு" என்பாள். ஒருமுறை அப்படிக் கேட்டதும் மறுநாள் ஓட்டவேண்டாம் என்று கொட்டகையைப் பூட்டினார்கள். எரிபொருள் ஊற்றாமலே என்ஜின் தானாக ஓடி, கேட்டபடியே உடைந்தது. அதற்குப் பிறகு கேட்டதை மாற்றப் பார்க்கிற வேலையை யாரும் செய்யவில்லை. நல்ல வெண்கலம் கிடைத்தால் பேரிங் நிற்கும் என்றாள் வினிஃப்ரெட். நாட்டில் வெண்கலம் இல்லை. ஊரில் இருந்தது ஒன்றே ஒன்று: போன போரில் செத்தவர்களின் பெயர் பொறித்த பலகை. ஆண்டுதோறும் அந்தப் போர் ஓய்ந்த நவம்பர் பதினொன்றாம் தேதி, காலை பதினொரு மணிக்கு, ஊரே அதன் முன்னால் இரண்டு நிமிடம் பேச்சில்லாமல் நிற்கும். இந்தப் போர் வந்ததும், வேலை நிற்கக்கூடாது என்று அரசாங்கம் அந்த மௌனத்தையும் நிறுத்திவைத்திருந்தது. பலகையைக் கழற்ற ஊர் தயங்கியபோது வினிஃப்ரெட்டின் அம்மா திருப்புளியோடு வந்து முதல் திருகாணியைக் கழற்றினாள். பலகையில் அவள் புருஷன் பெயரும் இருந்தது.

"அவரு சும்மா இருக்கிற ஆளே இல்ல. இத்தன வருஷமா செவுத்துல மாட்டி வச்சிருக்கோம். போயி ஏதாவது வேலையப் பாக்கட்டும்" என்றாள்.

பலகை உருகிப் பேரிங்காயிற்று. அதன்பின் என்ஜின் உடையவில்லை. அதை விமானத்தில் பொருத்தினார்கள். வினிஃப்ரெட்டின் தம்பி சிரில்தான் சோதனை விமானி. அப்பா சாகும்போது அம்மா வயிற்றில் இருந்த பிள்ளை அவன். ஒவ்வொரு தடவையும் அம்மா வீட்டுக்கு மேலே வந்ததும் என்ஜினை மூன்று முறை உறுமவிட்டுப் போவான். அம்மா முந்தின நாளே கூரையைப் பார்த்து, "நாளைக்கு வர்றதுக்கு இன்னைக்கே கதவத் தட்றான் பாரு" என்று அலுத்துக்கொள்வாள். அலுப்பில் பாதி பெருமைதான். ஆனாலும் விமானம் எதிர்பார்த்த வேகத்தைத் தொடவில்லை. 1941 இலையுதிர் காலத்தில் அமைச்சகத்திலிருந்து கார்ஸ்டாங் என்ற அதிகாரி வந்தார். நம்பகமான வேறு என்ஜின்கள் இருக்கும்போது இதற்கு இன்னும் காலம் செலவிட முடியாது என்றார். மணிக்கு நானூறு மைலைத் தாண்டிக் காட்ட ஒரே ஒரு நாள் கொடுத்தார். நாட்காட்டியில் அவர் விரல் பட்ட தேதி நவம்பர் பதினொன்று.

பத்தாம் தேதி ஊரே தெருவில் நின்று மறுநாளைக் கேட்டது. சத்தம் என்ஜின் ஆலையின் விமானத் திடலில் கிளம்பி உயரே உயரே போயிற்று. பதினொரு மணிக்குச் சட்டென்று நின்றது. பேக்கரிக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த நொடி வான்தாக்குதல் சங்கு அலறியது, எல்லோரும் பதுங்கிடத்துக்கு ஓடினார்கள். வெளியே வந்தபோது மதியம் ஆகியிருந்தது. அதற்குமேல் என்ன கேட்டிருக்கும் என்று சொல்ல ஆளில்லை.

மாலையில் வினிஃப்ரெட் தம்பியைக் கொட்டகையில் பிடித்தாள்.

"நாளைக்கு நீ ஏறாதடா."

"நான் ஏறலன்னா அது தானா கெளம்பிடும், வின்னி. ஆளில்லாம போயி எவன் வீட்டுக் கூரை மேல விழுமோ. நான் இருந்தா ஒரு வயலப் பாத்தாவது எறக்குவேன்."

அவள் என்ஜினின் மூடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: "நாளைக்கு என்ன தேதி?"

"பதினொ..." சிரில் பாதியில் நிறுத்தினான்.

"நின்னது பதினொரு மணிக்கு. உள்ள அப்பா இருக்காரு, அவரோட கூட்டாளிங்க எல்லாரும் இருக்காங்க. அரசாங்கம் அந்த மௌனம் வேணாம்னு சொன்னா அவங்க விட்டுருவாங்களா? முன்னாடியே எவ்வளவு ஒசரம் ஏற முடியுமோ ஏறிடு. நின்னதும் எதையும் நோண்டாத. ரெண்டு நிமிஷம் சும்மா ஒக்காரு."

"நான் சும்மா ஒக்காந்ததே இல்லையே."

"தெரியும். அதான் பயமா இருக்கு."

"நீ நெனக்கிறது தப்பா இருந்தா?"

"அப்ப ஒன்னக் கொன்னது நான்தான்."

சிரில் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "சரி, அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. விடிந்ததிலிருந்து ஊரில் ஒரு சத்தமும் கேட்கவில்லை. பன்னிரண்டாம் தேதிக்கு என்ஜினே இல்லை என்றுதான் எல்லோரும் அர்த்தம் செய்துகொண்டார்கள். விமானம் சத்தமில்லாமல் ஓடி, சத்தமில்லாமல் எழுந்து, புள்ளியாகும்வரை ஏறியது. வினிஃப்ரெட் தொலைநோக்கியை இறக்கவே இல்லை. பதினொரு மணிக்கு மூக்கில் சுழன்ற விசிறி நின்றது. விமானம் மூக்கைத் தாழ்த்திச் சறுக்கத் தொடங்கியது.

"முடிஞ்சுது, மிஸ் ஹெஸ்கெத்" என்றார் கார்ஸ்டாங். அவர் குரலிலும் வருத்தம் இருந்தது.

"கொஞ்சம் தொப்பியக் கழட்டுங்க சார். மணி பதினொண்ணு ஆச்சு."

அவர் அவளைப் பார்த்தார், மேலே பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். யாரும் சொல்லாமலே ஆலையில் கடைசல் இயந்திரங்கள் நின்றன. தெருவில் பால்வண்டி நின்றது, குதிரைகூடத் தலையைத் தொங்கப்போட்டது. விமானம் இறங்கிக்கொண்டே இருந்தது. அப்பாவின் முகம் வினிஃப்ரெட்டுக்கு நினைவில்லை. பலகையில் அவர் பெயரின் எழுத்துகளை விரலால் தடவிய நினைவுதான் இருந்தது. அந்தப் பெயரை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஒரு நிமிடம் போயிருக்கும். வெறும் திடலில் ஒரு சத்தம் கிளம்பி ஊர்ப் பக்கம் போயிற்று. இன்றையது நேற்றே வந்து போயிற்று, இது நாளையது. இருபத்துநாலு உருளைகளும் ஒரே மூச்சாக முழங்க, அது அம்மா வீட்டுக்கு மேலே வந்து மூன்று முறை உறுமியது. வினிஃப்ரெட் புல்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்கும் வர்றான்" என்றாள். "சார், நாளைக்கும் வர்றான்!"

இரண்டு நிமிடம் முடிந்ததும் விசிறி சுழன்றது. இறங்கிவந்த வேகத்தோடு அந்த என்ஜினுக்குள் இருந்தவர்களின் வேகமும் சேர்ந்துகொண்டதோ என்னவோ, மட்டம் பிடித்துக் கிழக்கும் மேற்குமாக அளந்து பறந்தபோது நானூற்று முப்பது மைல் காட்டியது. கார்ஸ்டாங் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொள்ள மறந்து, அதை ஆட்டிக்கொண்டே திடலில் ஓடினார்.

அந்த என்ஜின் பிறகு ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டது. ஒவ்வொன்றின் பேரிங்கிலும் பலகையாயிருந்த அந்தப் பழைய பேரிங்கின் பொடியில் ஒரு சிட்டிகை சேர்த்து வார்த்தார்கள். சிரிலும் அதில் ஒன்றை ஓட்டிக்கொண்டு போருக்குப் போனான். கடலுக்கு அந்தப் பக்கத்திலும் சத்தம் ஒரு நாள் முந்தியே கேட்டது. கேட்டதை மாற்ற முடியாது என்பதை எதிரிகளும் சீக்கிரமே தெரிந்துகொண்டார்கள். நவம்பர் பதினொன்றாம் தேதி பதினொரு மணிக்குள் போதிய உயரம் ஏறிவிட வேண்டும் என்பது விமானிகளுக்கான விதிகளில், சக்கரத்தை மடக்குவதற்கும் எண்ணெய் பார்ப்பதற்கும் நடுவில் ஒரு வரியாக இருந்தது.

1945 மே மாதத்தில் ஒரு நாள் ஹாலோபெக்கில் காலையிலிருந்து எந்தச் சத்தமும் இல்லை. மாலையில் மட்டும் மறுநாளின் சத்தம் ஒன்றே ஒன்று வந்து, அம்மா வீட்டுக் கூரைக்கு மேல் மூன்று முறை உறுமிவிட்டு, திடலில் இறங்கி அணைந்தது. போர் முடிந்ததை அரசாங்கம் மறுநாள் அறிவிப்பதற்குள் ஊர்க்காரர்கள் தெருவில் மேசைகளைப் போட்டாயிற்று. அம்மா கேக்குக்கு மாவு பிசைந்துகொண்டே, சிரிலின் படுக்கைக்குத் துவைத்த விரிப்பை எடுத்துப் போடும்படி வினிஃப்ரெட்டிடம் சொன்னாள்.