காப்புக் கட்டிய கை

ஜெயகௌரி, நோர்மன் சேர் இருவரும் பிள்ளைகளின் நடத்தையைப் பார்த்துப் புள்ளி போடுகிறவர்கள். ஒருவர் பிள்ளையோடு விளையாட, மற்றவர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து பார்ப்பார். முன்பெல்லாம் தேத்தண்ணி குடித்தபடி இருவரும் பேசிப் பறைந்து புள்ளியை ஒப்பேற்றிவிடுவார்கள். இப்போது அந்தக் கள்ளமெல்லாம் செல்லாது. தனித்தனியே போடவேண்டும். முரண்பட்டால் மூன்றாமாள் வந்து பிள்ளையைப் பார்ப்பார். ஒத்துப்போனால் அதுவே முடிவு. நல்ல ஏற்பாடுதான், யார் இல்லையென்றது?

கோப்பாயிலிருந்து மீனாம்பிகை தன் மகன் கீர்த்திகனைக் கூட்டி வந்தாள். ஆறு வயது. வகுப்பில் வாய் திறக்கிறானில்லை என்று ரீச்சர் அனுப்பியிருந்தார். புள்ளி குறைந்தால் வெளிமாவட்டத்திலுள்ள விசேட விடுதிப் பள்ளிக்குப் போகவேண்டும். தாயை விட்டு ஒரு இரவும் இருந்தறியாத பிள்ளை.

ஜெயகௌரி பந்தை நீட்டினாள். பொடியன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். கிட்ட வரச் சொன்னாள், சுவரோடு ஒதுங்கினான். இனிப்புக் கொடுத்தால், மேசையில் வைக்கும்படி கண்ணைக் காட்டினான். அவன் பார்வை அவளுடைய மணிக்கட்டை விட்டு அகலவேயில்லை. அவளுக்கு மனதில் என்னவோ இடறியது. ஆனால் மனதில் இடறுவதற்கெல்லாம் யார் புள்ளி போடுகிறார்கள்? தொடுகையைத் தவிர்க்கிறான், சொல் கேட்கிறானில்லை என்று ஆகக் குறைந்த புள்ளியைப் போட்டாள். நோர்மன் சேரும் அதையே போட்டிருந்தார். இம்மியும் பிசகவில்லை. அவருக்கு வாயெல்லாம் பல்.

முடிவைச் சொல்ல அவளே கோப்பாய்க்குப் போனாள். கீர்த்திகன் ஓடிவந்து அவளுடைய வெறும் மணிக்கட்டைப் பார்த்தான்.

"அன்ரி, இனித் தொடலாமோ?"

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மீனாம்பிகைதான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"கனடாவிலை இவன்ரை பெரியப்பா செத்துப்போய் எங்களுக்குத் துடக்கு, சாவுத் தீட்டு, மிஸ். நீங்கள் கந்தசட்டி விரதத்துக்குக் கையிலை காப்புக் கட்டியிருந்தியள். உங்களிலை முட்டக்கூடாதெண்டு வாசலிலை வைச்சு நான்தான் சொன்னனான். துடக்கெண்டு வெளியிலை சொன்னால் திகதியைத் தள்ளிப்போடுவியளெண்டு பயந்திட்டன்."

ஒரு தரம் சொன்ன சொல்லை, இனிப்பை நீட்டியும் மீறாத பிள்ளை. அவனைத்தான் சொல் கேளாதவன் என்று இரண்டு பேர் ஒருவாய்ப்படச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாளே ஜெயகௌரி நோர்மன் சேரிடம் போய் நின்றாள். கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்தவர் என்றாலும் துடக்கு என்னவென்று தெரியாதவரல்ல. கேட்டதும் முகம் கறுத்துப்போனார். மேலிடத்துக்கும் கதைத்துப் பார்த்தார். அடுத்த வருடம்தான் மறுபடி பார்க்கலாம் என்றுவிட்டார்கள்.

"ஒராள் மாறிப் போட்டிருந்தாலாவது மூண்டாமாளைக் கேக்கலாம், ஜெயகௌரி. நாங்கள் ரெண்டுபேரும் ஒண்டாத்தானே போட்டனாங்கள்."

கீர்த்திகன் புறப்பட்ட காலையில் அவள் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் போனாள். அவன் அவளுடைய கையை எட்டிப் பிடித்தான். பஸ் இரைந்துகொண்டு நின்றது, கொண்டக்டர் கூப்பிட்டான், அப்போதும் விடவில்லை. கடைசியில் மீனாம்பிகைதான் அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.