தோள் அளவு

தையல்காரர் சிலைகளைப் பார்க்கவில்லை, அளந்துகொண்டிருந்தார். பழைய செங்கல் தூபியைச் சுற்றி வரிசையாக உட்கார்ந்திருந்த புத்தர்களில் ஒருவருக்கும் தலை கிடையாது. அவர் ஒவ்வொரு சிலையின் முன்னாலும் நின்று, ஒரு கண்ணை இடுக்கி, இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள் வரை பார்வையை ஓட்டிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தார். கூட்டத்தோடு நடக்க முடியாமல் முழங்காலைப் பிடித்தபடி பின்னால் வந்த அவர் மனைவிக்குச் சிரிப்பு வந்தது.

“என்னங்க, அவருக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?”

“தைக்கலாம். காலர் வேலை மிச்சம்.”

அவர் இப்படிப் பேசி எவ்வளவு காலம் ஆயிற்று! வந்தது நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டாள். தம்பிதான் வம்படியாக இருவரையும் சுற்றுலா வண்டியில் ஏற்றிவிட்டான். “போயிட்டு வந்து ஒரு முடிவச் சொல்லுக்கா” என்றான். முடிவு வீட்டைப் பற்றியது. மாடிப்படி ஏறி இறங்கி அவள் முழங்கால் தேய்ந்துவிட்டது. தம்பி தன் தெருவிலேயே தரைத்தள வீடு ஒன்று பார்த்து வைத்திருந்தான். அவள்தான் பிடிகொடுக்கவில்லை. மகன் கோபித்துக்கொண்டு இறங்கிப் போனது அந்தப் படியில். திரும்பி வந்தால் அந்தக் கதவைத்தான் தட்டுவான். வேறு யாரோ திறந்து, அவங்க காலி பண்ணிட்டாங்களே என்றால் பிள்ளை எங்கே போவான்? காற்றுக்குக் கதவு அசைந்தால்கூட அடுப்பைத் தணித்துவிட்டு எட்டிப் பார்க்கிறவள் அவள்.

அவன் போன சில மாதத்தில், தண்டவாளத்தின் ஓரம் கிடைத்த ஓர் உடலை அடையாளம் காட்டக் கூப்பிட்டார்கள். முகம் சிதைந்திருந்ததாம். அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு இவர் மட்டும் பிணவறைக்குள் போனார். போன வேகத்தில் வந்தார். “நம்ம புள்ள இல்ல. தோள் வேற” என்றார். அவள் நம்பினாள். நம்பாமல் என்ன? தெருவில் முன்னால் போகிற ஆளின் முதுகைப் பார்த்தே, இன்னார் வீட்டு மாப்பிள்ளை என்று சொல்லிவிடுகிற மனிதர். மகனுக்கு இடது தோள் சற்று இறக்கம். அவன் சட்டையில் அந்தப் பக்கம் மட்டும் உள்ளே ஒரு மடிப்புத் துணி கூடுதலாக வைத்துத் தைப்பார். அன்று முதல், ‘தோள் வேற’ என்ற அந்தச் சொல்லின் மேல்தான் அவள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்.

“தலையெல்லாம் எங்கப்பா?” என்று யாரோ வழிகாட்டியிடம் கேட்டார்கள்.

“திருடிட்டுப் போய் வித்துட்டாங்க சார். தலைக்குத்தானே கிராக்கி, உடம்ப யாரு தூக்குவா?”

கூட்டம் சிரித்துக்கொண்டே வளைவைத் திரும்பியது. அவள் திரும்பவில்லை. தையல்காரர் கடைசிச் சிலையின் முன்னால் நின்றுவிட்டிருந்தார். மழை அரித்தோ யாராவது உடைத்தோ, அதன் இடது தோள் இறங்கியிருந்தது. கழுத்தடியில் கட்டைவிரலை ஊன்றி, தோள் முனை வரை சாண் போட்டார். எடுத்தார். மறுபடி போட்டார். பிறகு அந்தக் கை திரும்பி வரவில்லை. இறக்கத்தின் மேல் இரண்டு விரலை வைத்து, மடிப்பு சரியாக உட்கார்ந்ததா என்று பார்ப்பதுபோல் மெல்ல அழுத்திக்கொண்டே இருந்தது.

கடைக்கு வருகிற முன்பின் தெரியாதவனுக்குக்கூட இவர் இரண்டு தரம் அளப்பார். அவளுக்குத் தெரியும். அது நினைவுக்கு வந்ததும் உடனே இன்னொன்றும் தெரிந்தது. அன்று உள்ளே போனவர் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

“அன்னிக்கு ரெண்டு தரம் பாத்தீங்களா?”

என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை.

“போத்தியிருந்தாங்க,” என்றார் கல்லைப் பார்த்தபடியே. “அந்த ஆளு துணி முனையப் புடிச்சான். வேண்டாம்னுட்டேன்.”

“அப்ப தோள்?”

“பாக்கல.”

“வேறன்னு சொன்னீங்களே.”

“வெளிய வந்தேன். உன் மூஞ்சியப் பாத்தேன். வாய் சொல்லிடுச்சு.”

அவளுக்கு அழுகை வரவில்லை. அழுவதற்கு எதுவும் முடிந்துவிடவில்லையே. காலையில் வண்டி ஏறும்வரை எங்கோ ஓர் ஊரில் நடமாடிக்கொண்டிருந்த பிள்ளை, இப்போது நடமாடிக்கொண்டும் இருந்தான், அந்தத் துணிக்கடியில் படுத்துக்கொண்டும் இருந்தான். கேட்பாரில்லாத அந்த உடலை யார் தூக்கியிருப்பார்கள்? எந்த மண்ணில் இறக்கியிருப்பார்கள்? இல்லை, அது வேறொருத்தி பெற்ற பிள்ளையாக இருந்து, அவளும் இன்னும் வீடு மாறாமல் இருக்கிறாளோ?

“உன் தம்பிக்கு என்ன சொல்றது?” என்று தரையைப் பார்த்துக் கேட்டார்.

அவள் வாயைத் திறந்தாள்.

“ஆன்ட்டி, அங்கிள், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? ஒரே ஒரு போட்டோ.” வேறு வண்டியில் வந்த ஒரு பெண், பதிலுக்குக் காத்திராமல் சிலைக்குப் பின்னால் போய்க் குந்தினாள். மோவாயை உடைந்த கழுத்தின் மேல் பொருத்திக்கொண்டு கண்ணை மூடித் தியானம் செய்தாள். கைபேசியைப் பிடித்திருந்த தோழி குலுங்கிச் சிரித்தாள். இறங்கிய தோளுக்கு மேல் ஓர் இளம் முகம், நெற்றியில் வியர்வையோடு, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அது கண்ணைத் திறந்தது. நேரே தையல்காரர் மனைவியைப் பார்த்துச் சிரித்தது.

எங்கிருந்தோ காவலாளி விசில் ஊதினான். முகம் சட்டென்று கீழே இறங்கி மறைந்தது. பெண்கள் ஓடிவிட்டார்கள். அவள் மட்டும், முகம் இருந்த அந்த வெற்றிடத்தைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.