கம்பியும் சங்கிலியும்

எங்கள் வீட்டுக்கு அந்தப் பல் அப்பா வழியாக வந்தது. மேல்வரிசை முன்பற்கள் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே நிற்கும். அப்பாவுக்கு அடர்ந்த மீசை, அதனால் யாரும் கவனிக்கவில்லை. அக்கா ரோகிணிக்கும் எனக்கும் மறைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. பேசும்போது வாய்க்குக் குறுக்கே கையை வைத்துக்கொள்ள அக்கா பள்ளிக்கூடத்திலேயே பழகிவிட்டாள். நான் பழகவில்லை. என்னைத் தேங்காய்த் துருவி என்று கூப்பிட்ட ஒருவனைக் கடித்திருக்கிறேன். கடிப்பதற்கு அந்தப் பற்கள் நன்றாகவே உதவின.

பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் இருந்த அடுக்குமாடி வீட்டுக்கு அக்காவைப் பெண் பார்க்கக் கிள்ளானிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை விமலன் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க். அவனோடு அவன் அம்மா புஷ்பவல்லியும், தாய்மாமன் கன்னையாவும் வந்திருந்தார்கள். அக்கா காப்பித் தட்டை நீட்டினாள். புஷ்பவல்லி ஆன்டி கோப்பையை எடுக்காமல் அவள் முகத்தையே பார்த்தார்.

"கொஞ்சம் சிரிம்மா."

அக்கா உதட்டை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"அப்படி இல்லம்மா. முழுசா சிரி."

தட்டைப் பிடித்திருந்ததால் அக்காவால் கையை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. சிரித்தாள்.

"பரவால்ல லா அக்கா," என்றார் கன்னையா. "வீட்டுல தேங்கா துருவ மெஷின் வாங்க வேணாம்."

எல்லோரும் சிரித்தார்கள். விமலன் குனிந்துகொண்டு சிரித்தான். வந்தவர்கள் முகம் கோணக்கூடாது என்று அம்மாவும் சிரித்தாள்.

புறப்படும்போது புஷ்பவல்லி ஆன்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்கு சம்பந்தி. ஆனா மேடையில ஆளாளுக்கு ஃபோனத் தூக்கிக்கிட்டு நிப்பாங்க. ஒரு நிமிசத்துல படம் ஊரெல்லாம் போயிடும். கல்யாணத்துக்கு முன்னாடி பல்ல மட்டும் சரி பண்ணிடுங்க. வேற எதுவுமே நாங்க கேக்கல."

வேறு எதுவும் கேட்கவில்லை என்பதை அம்மா மாடி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு முன் வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில்கூடச் சொல்லவில்லை. பங்குனியில் பரிசம் போட்டார்கள். புஷ்பவல்லி ஆன்டி தன் கையால் அக்காவின் கழுத்தில் ஒரு சங்கிலியைப் போட்டுவிட்டார். ஆவணியில் கல்யாணம். கிள்ளானில் மண்டபமும் எடுத்தாகிவிட்டது.

அரசாங்கப் பல் கிளினிக்கில் கம்பி போட வரிசை நீளம் என்றார்கள். அதனால் பங்சாரில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் நஸ்ரின் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்.

"ரெண்டு வருசமாவது ஆகும் ஆன்டி."

"ஆவணியில கல்யாணம் டாக்டர்," என்றாள் அம்மா.

"பல்லு எலும்புக்குள்ள மெதுவாதான் நகரும். அவசரமா இழுத்தா வேர் கரைஞ்சிரும். அப்புறம் பல்லே ஆடும்."

"இப்ப கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்குல மாட்டி மாட்டிக் கழட்டுறாங்களே, அது?"

"அது லேசான கோணலுக்குச் சரியா வரும். இவங்களுக்கு ரெண்டு பல்லு எடுத்து இடம் பண்ணி, கம்பி போட்டுத்தான் உள்ள கொண்டு வரணும். அதுக்கும் முன்னாடி இங்க பாருங்க, கீழ் கடைவாய்ப் பல்லு சொத்தை. ஈறு வீங்கியிருக்கு. இது ரெண்டும் ஆறாம நான் கம்பி போட மாட்டேன்." பிறகு அக்காவிடம் திரும்பினார். "கல்யாணத்த இந்தப் பல்லோடயே பண்ணிக்கலாமே? ஒண்ணும் மோசமா இல்ல."

அக்கா அழுதுவிட்டாள். லிப்டில் இறங்கும்போது அம்மா, "அவளுக்கு என்ன, பல்ல வரிசையா வச்சிருக்கா, பேசுறா," என்றாள்.

செய்தியைக் கேட்ட புஷ்பவல்லி ஆன்டிதான் செந்தூலைச் சொன்னார். அங்கே ஒரு கொண்டோமினியத்தில் ஜெயந்தி என்பவர் வீட்டிலேயே அழகு நிலையம் வைத்திருந்தார். நகம், இமை முடி, பல்லுக்குக் கம்பி எல்லாம் அங்கே உண்டு. தலை கழுவும் சாய்வு நாற்காலியில் அக்காவைப் படுக்க வைத்தார். எக்ஸ்ரே கிடையாது.

"டாக்டருங்க இழுத்தடிச்சாதான் அவங்க கிளினிக் ஓடும்," என்றார். "நான் டைட்டா போடுவேன். வலிக்கும், தாங்கிக்கணும். ரப்பர் என்ன கலர்ல வேணும்?"

அக்கா யோசித்து, அரக்கு என்றாள். முகூர்த்தப் புடவையின் நிறம்.

கீழ்வரிசையில் டாக்டர் காட்டிய அதே சொத்தைப் பல்லின்மேல் ஒரு வளையத்தை வைத்துத் தட்டி இறக்கினார். அக்காவின் கால்கள் நாற்காலியில் உதறின. "அதுல சொத்தை இருக்குக்கா," என்றேன். "வளையம் போட்டா மூடிக்கும்," என்றார் ஜெயந்தி.

வாரம் தவறாமல் அக்கா ரயில் ஏறி செந்தூலுக்குப் போய்க் கம்பியை இறுக்கிக்கொண்டு வந்தாள். கஞ்சிதான் சாப்பாடு. ஆனால் பற்கள் நகர்ந்தன, அதைச் சொல்லத்தான் வேண்டும். முன்வரிசை உள்ளே போகப் போக, அக்கா குளியலறைக் கண்ணாடி முன்னால் நிற்கும் நேரம் கூடியது. படமெடுத்து விமலனுக்கு அனுப்புவாள். அவன் இதயம் அனுப்புவான். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு முன்பல்லை நாக்கால் தள்ளிக் காட்டினாள். ஆடியது. "அம்மாகிட்ட சொல்லாதடி, பயந்துரும்," என்று சிரித்தாள். கை வாய்க்குப் போகவில்லை. அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

ஆடி மாதத்தில் ஒரு காலையில் தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் வீங்கிக்கொண்டு எழுந்தாள்.

"பொன்னுக்கு வீங்கி," என்றாள் அம்மா, தொட்டுப் பார்த்ததும்.

எங்கள் வீட்டில் அதற்கு வைத்தியம் ஒன்றுதான். கழுத்தில் பொன் கிடக்க வேண்டும். வீக்கம் வடியும்வரை அதைக் கழற்றக்கூடாது, வாசலைத் தாண்டக்கூடாது, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப் போட வேண்டும். சிறு வயதில் எங்கள் இருவருக்கும் அம்மா தன் சங்கிலியை மாட்டியிருக்கிறாள், வீக்கம் வடிந்தும் இருக்கிறது. இப்போது பரிசச் சங்கிலியை எடுத்து அக்காவுக்குப் போட்டாள்.

"அம்மா, ஒருதரம் வந்தா அது திரும்ப வராதும்மா. இது பல்லு. வாய் நாறுது பாரு."

"நீ என்ன டாக்டரா?"

"டாக்டர்கிட்ட போலாம்னுதான் சொல்றேன்."

அம்மா கிள்ளானுக்கு வீடியோவில் அழைத்தாள். புஷ்பவல்லி ஆன்டி திரையில் வந்தார்.

"பொன்னுக்கு வீங்கியேதான் சம்பந்தி. ஆஸ்பத்திரிக்குப் போனா மொதல்ல கம்பியத்தான் கழட்டுவாங்க. லைசன்ஸ் இல்லாம யார் போட்டதுன்னு கேஸ் வேற ஆவும். ரெண்டு நாள் பொறுத்துப் பாருங்க. எங்க செயினக் கழட்டாதீங்க, ராசியான செயின்." பிறகு குரலைக் குழைத்துக்கொண்டார். "ரோகிணிம்மா, வாயத் தொற. எவ்ளோ உள்ள போயிருக்குன்னு ஆன்டி பாக்கறேன்."

அக்காவால் வாயைத் திறக்க முடியவில்லை. விரலால் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினாள். கடைவாயிலிருந்து எச்சில் ஒழுகிப் பற்றின்மேல் வழிந்தது.

"ஐயோ, எவ்ளோ அழகா வந்திருச்சு!" என்றார் புஷ்பவல்லி ஆன்டி.

மறுநாள் அக்காவுக்குப் பேச்சும் வரவில்லை. நான் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தேன். அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். போனில் தட்டி என்னிடம் நீட்டினாள். 'கழட்டிருவாங்க. ஆவணி வரைக்கும் விடுடி.' அம்மா கதவின் குறுக்கே வந்து நின்றாள். பற்று காய்ந்த இடமெல்லாம் கழுத்து வெடித்துவிடுவதுபோல் பளபளத்தது. அப்பாவை அழைத்தேன். லோரி ஓட்டிப்போய் ஜொகூரில் சரக்கு இறக்க நின்றுகொண்டிருந்தார். "ஏத்திக்கிட்டுப் போங்கடா, யாராச்சும்!" என்று கத்தினார். அம்மா போனைப் பிடுங்கி, "ஒண்ணும் இல்லங்க, பொன்னுக்கு வீங்கிதான்," என்றாள்.

அடுத்த நாள் காலையில் அப்பா லோரியை ரோட்டிலேயே விட்டுவிட்டு மாடி ஏறி வந்தார். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு வரவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டையில் விசில் சத்தம் கேட்டது. அப்பா அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் சங்கிலி தேடினாலும் கிடைக்கவில்லை. சதைக்குள் புதைந்திருந்தது. வெட்டி எடுத்து என் கையில் கொடுத்தார்கள். மூச்சுக்குக் கழுத்தில் வழி போட வேண்டும் என்று உள்ளே கொண்டுபோனார்கள். ஒரு நர்ஸ் திரும்பி வந்து ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார். உள்ளே கம்பி, வளையம், அரக்கு நிற ரப்பர்கள்.

"கம்பியக் கழட்டிட்டீங்களா?" என்று அம்மா அந்த நர்ஸிடம் பதறிக் கேட்டாள்.

அக்கா அன்று மதியம் போய்விட்டாள். பல்லிலிருந்த சீழ் கழுத்துக்குள் இறங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். முதல் நாளே வந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்றார். அப்பா செந்தூலுக்குப் போனபோது அந்த வீடு பூட்டிக் கிடந்தது.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தாடையைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வாய்க்கரிசி போடும்போது அம்மா உதட்டைப் பிரித்துப் பார்த்தாள். பற்கள் இறுகக் கடித்துக் கிடந்தன. போட்ட அரிசியெல்லாம் கன்னத்தில் வழிந்து காதோரம் போய்ச் சேர்ந்தது. அம்மா மறுபடி அள்ளினாள். யாரோ அவள் கையைப் பிடித்துத் தடுத்தார்கள். என் பின்னால் கன்னையா யாரிடமோ மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார்: "பாவம் லா. பல்லு நல்லா வந்திருந்துச்சு."

கருமாதி முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளான்காரர்கள் வந்தார்கள். பழத்தட்டு இருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் பழத்தட்டு எதற்குக் கொண்டுவந்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. உள்ளே போய் அந்தச் சங்கிலியை ஒரு தட்டில் வைத்து எடுத்துவந்தாள். பத்தர் வெட்டுப்பட்ட இடத்தை ஒட்டி மெருகு போட்டிருந்தார்.

"விமலன் ஒடஞ்சி போயிட்டான்," என்றார் புஷ்பவல்லி ஆன்டி. "மண்டபத்தத் தைக்கு மாத்திக்கலாம்னு சொல்லிட்டாங்க. வெளிய தேடுறதுக்குப் பதிலா, சின்னவ இருக்கா. நமக்குள்ளயே முடிச்சிக்கலாம்." என் முகத்தை நிமிர்த்திப் பார்த்தார். "மலரு, உனக்கும் அதே பல்லுதான் இல்ல? பரவால்ல. இந்தத் தடவ நல்ல டாக்டரா பாத்துப் போட்டுக்கலாம்."

விமலன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

நான் அறைக்குப் போய் அந்தப் பிளாஸ்டிக் பையை எடுத்துவந்து, தட்டில் சங்கிலிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"ரெண்டையும் எடுத்துக்குங்க ஆன்டி. ரெண்டும் உங்களுதுதான்."

அம்மா என் வாயில் அறைந்தாள். முன்பற்கள் உதட்டைக் கிழித்துக்கொண்டு வந்தன. ரத்தம் நாடியில் வழிந்தது. நான் துடைக்கவில்லை.

"முழுசா சிரிக்கட்டுமா ஆன்டி?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தேன்.

விமலன்தான் முதலில் எழுந்தான். வாயைப் பொத்திக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினான். புஷ்பவல்லி ஆன்டி சங்கிலியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "இந்த வாய்க்கு எவன் வருவான்னு பாக்கறேன்," என்றார் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே. கம்பி இருந்த பையைத் தொடவில்லை.

அவர்கள் போன பிறகு அம்மா ஒரு துணியை நனைத்துக்கொண்டு வந்து என் உதட்டில் அழுத்திப் பிடித்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"ஒரு அரிசிகூட உள்ள எறங்கலடி," என்றாள்.