பின்கதவுக்கு ஒரு கேள்வி

தையல் கூடத்தின் பின்கதவைப் பூட்டி வைப்பது மேனேஜரின் வழக்கம். திறந்திருந்தால் துணி வெளியே நடந்துவிடுமாம். அந்தப் பூட்டை யாரோ படமெடுத்துத் தொழிலாளர் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

எடுத்தது பட்டன் தைக்கும் பெண். வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான். அவள் படமெடுத்ததைப் பார்த்தவர் இஸ்திரி போடுகிறவர் மட்டும். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் என்பதால் கூடம் அவருக்கு வைத்த பட்டப்பெயர் பாதிரி.

மேனேஜர் மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, நாற்பது பேர் பார்க்க இஸ்திரி மேஜையில் சாய்ந்தார். கடையில் விலை கேட்கிறவர் வாங்க வந்தவரா வம்புக்கு வந்தவரா என்பது முதல் சிரிப்பிலேயே தெரிந்துவிடும். இவர் கடைவாய்ப் பல் வரை காட்டினார்.

“என்ன பாதிரியாரே, உங்க வேதத்துல பொய் சொல்லலாமா?”

“கூடாது சார்.”

“சோறு போடுற கம்பெனிக்குத் துரோகம் பண்ணலாமா?”

“அதுவும் கூடாது.”

“பாத்தீங்களா, தங்கமான மனுஷன்.” கூடத்தைப் பார்த்துக் கண்ணடித்தார். காலர் தைப்பவன் கெக்கலித்தான். “அப்ப ஒரே வார்த்தை. படம் எடுத்தது யாருன்னு தெரியுமா, தெரியாதா?”

பட்டன்காரியின் ஊசி துணியிலேயே நின்றது.

இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “தெரியும். சொல்ல மாட்டேன்.”

“மறைக்கிறதும் பொய்தானய்யா?”

“மறைக்கலையே சார். மூஞ்சிக்கு நேராத்தானே சொல்ல மாட்டேன்னேன். இப்ப நான் ஒண்ணு கேக்குறேன். படத்துல இருக்கிற பூட்டு நிஜமா, பொய்யா?”

நிஜம் என்றால் ஒப்புதல். பொய் என்றாலோ, பத்தடி தள்ளிப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. மெஷின்களை நிறுத்தி நாற்பது பேரின் காதையும் அந்தப் பதிலுக்குத் தயார் செய்து வைத்தவரும் மேனேஜரேதான்.

“கேள்வி கேக்குறது என் வேலை. நாளையிலேருந்து நீ மூட்டை தூக்கு. பிரசங்கத்தை அங்க வெச்சுக்க.”

“சரி சார்.”

சாப்பாட்டு நேரத்தில் பட்டன்காரி சீறிக்கொண்டு வந்தாள். “ஏண்ணே, தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்கு அழுகிடுமா? இனி ஒவ்வொரு மூஞ்சியா பாத்துட்டுத் திரிவான்.”

“சொல்லியிருந்தா அடுத்து பைபிளைத் தொடச் சொல்லியிருப்பான்மா. எனக்குப் பொய் வராது, சொல்லவும் மாட்டேன். முழிக்கிற முழியிலயே உன்னைக் காட்டிக் குடுத்திருப்பேன்.”

“உங்க சத்தியத்துக்கு என் வேலைதான் கிடைச்சுதா?” சாப்பிடாமலே போய்விட்டாள்.

மாலையில் தொழிலாளர் அலுவலக அதிகாரி வந்தபோது பூட்டு மாயமாகியிருந்தது. “கதவு எப்பவுமே திறந்துதான் இருக்கும் சார். வேணும்னா இவங்களையே கேளுங்க,” என்றார் மேனேஜர், தன் பார்வையால் கூடத்தை மிரட்டியபடி.



“காலையில பூட்டு இருந்துச்சு,” என்றான் காலர் தைப்பவன். பிறகு வரிசையாகச் சொன்னார்கள். அதிகாரி நாற்பது பெயரை எழுதிக்கொண்டார். படம் எடுத்தது யார் என்று அவர் கேட்கவே இல்லை.

மூட்டை தூக்கும் உத்தரவு மட்டும் மாறவில்லை.