சரோஜம்மாள் முறைத் தண்ணீர்

கெலமங்கலம் சாலையில் இருந்த அந்த உயர்நிலைப் பள்ளிக்குக் கடற்படை மாணவர் அணி வந்ததில் கடலுக்குப் பெரிய பங்கு இல்லை. பக்கத்து ஊர்ப் பள்ளியில் தரைப்படை அணிப் பையன்கள் துப்பாக்கி தூக்கி நடந்ததைத் தலைமையாசிரியர் பார்த்துவிட்டார். தமக்கும் ஒன்று கேட்டு மதராஸ் போனார். தரை தீர்ந்துவிட்டது என்றார்கள். ஆகாயமும் தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது கடல். கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லிப் பழகாத மனிதர், வாங்கிக்கொண்டு ரயில் ஏறினார்.

தளபதியாக ராஜப்பனைப் போட்டார். பூகோள வாத்தியார். கடலைப் பார்த்ததில்லை, ஆனால் பள்ளியில் அதற்குச் சரியாக நீலம் தீட்டத் தெரிந்தவர் அவர்தான்.

பயிற்சி கொடுக்க முனிவேல் வந்தான். யுத்தத்தின்போது கப்பலில் இருந்தவன். இருந்தது அடித்தட்டில், அடுப்புக்குக் கரி தள்ளிக்கொண்டு. கடல் எப்படி இருக்கும் என்று பையன்கள் கேட்டால், "சூடா இருக்கும்" என்பான்.

மூன்றாவது ஆள் பூவம்மாள். சீருடை வெளுப்பவள். வெள்ளையாக வந்த உடுப்புகள் இரண்டாம் மாதமே ஊர்ச் செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டன. "எம்மேல குத்தம் சொல்லாதீங்க சார். படையே செவலப் படை" என்றாள்.

படகு லாரியில் வந்தது. இருட்டில் ஓசூரைத் தவறவிட்ட டிரைவர் அத்திப்பள்ளி சுங்கச்சாவடி வரை போய்விட்டார். கன்னடத்துக் காவல்காரர் படகைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, மைசூர் ராஜ்யத்தில் இந்தப் பக்கம் கடல் கிடையாது என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பினார். அன்று முதல் அது ஊர் ஏரியில் மிதக்கிறது. சரோஜம்மாள் அதைத் தொட்டி என்றுதான் சொல்வாள். சரோஜம்மாள் தளபதியின் மனைவி.

ஐம்பத்தேழாம் வருஷ மார்கழியில் தகவல் வந்தது. சனிக்கிழமை பத்து மணிக்கு மதராஸிலிருந்து கடற்படை அதிகாரி வருகிறார். படகு ஓட்டிக் காட்ட வேண்டும். திருப்தி இல்லை என்றால் அணி கடலூருக்குப் போய்விடும்.

"கடலூர்க்காரனுக்கு எதுக்கு சார் இது? அவங்கிட்டதான் கடலே இருக்குதே" என்றான் முனிவேல்.

ராஜப்பன் சிரிக்கவில்லை. பதினெட்டு வருஷம் வாத்தியாராக இருந்ததில் அவரை யாரும் நின்று பார்த்ததில்லை. வெள்ளைத் தொப்பி வைத்த பிறகு பஸ் கண்டக்டர் எழுந்து இடம் கொடுக்கிறார். அதைக் கடலூருக்கு அனுப்ப அவருக்கு மனம் இல்லை.

ஏரியில் தண்ணீர் இறங்கியிருந்தது. இன்னும் ஒரு தரம் மதகு திறந்தால் படகு சேற்றில் உட்காரும். ஏரித் தண்ணீரை முறை வைத்துப் பிரித்துவிடுகிற கரியப்பனைத் தேடிப் போனார்.

"சனிக்கிழம சாயங்காலம் வரைக்கும் மதகத் தொறக்காத கரியப்பா."

"எனக்கென்னங்க வாத்தியாரே, தொறக்கலன்னா தூங்குவேன். ஆனா வெள்ளிக்கிழம பொழுது சாஞ்சதுலேர்ந்து சனிக்கிழம பொழுது சாயற வரைக்கும் முறை இருக்குதே. முறைக்காரங்க வுட்டுக் குடுத்தாத்தான் ஆவும்."

"யாரு முறை? நான் போய்ப் பேசறேன்."

கரியப்பன் வேறு பக்கம் பார்த்தான். "உங்க வூட்டம்மாவுதுதாங்க."

ராஜப்பன் வீட்டுப் பக்கம் திரும்பினார். கடலூர் அவ்வளவு தூரம் இல்லை என்று தோன்றியது.

வீட்டில் சரோஜம்மாள் அவரை முழுக்கப் பேசவிட்டாள். பிறகு கேட்டாள்: "நெல்லு பால் புடிக்குது, தெரியுமா?"

"தெரியும்."

"இப்ப தண்ணி இல்லன்னா பதராப் பூடும். தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சே கேக்கறீங்க. எங்கப்பா சீரா குடுத்த கழனி. அதக் காய வெச்சு உங்க தொட்டிய மெதக்க வுடணும்."

"தொட்டி இல்ல சரோஜா. படகு."

"மாடு தண்ணி குடிச்சிட்டுப் போவுது. பின்ன அதுக்கு என்ன பேரு?"

அவர் சாப்பிடாமல் படுத்தார். அவள் விளக்கைக் குறைத்தாள்.

"கமாண்டரே" என்றாள் பிறகு. "நம்ம கழனி ஓரத்துல ஏரிக் கசிவுத் தண்ணி ஒரு குட்டை நிக்குது. பள்ளமா கெடக்குது. எறைக்க ஆள் அம்படறதில்ல. உங்ககிட்ட படை இருக்குதே."

ராஜப்பன் எழுந்து உட்கார்ந்தார்.

"சனிக்கிழம விடிகாலைல வரட்டும். எறகூடை நான் வாங்கி வெக்கறேன். முறையையும் வுட்டுத் தரேன். பசங்களுக்குக் களியும் நானே போடறேன்."

சனிக்கிழமை பனி இன்னும் விலகவில்லை. கூடைக்கு இருவராக நின்று, கயிற்றைப் பிடித்து, பையன்கள் குட்டைத் தண்ணீரை மொண்டு வாய்க்காலில் வீசினார்கள். சீருடை சேறாகக் கூடாது என்று கழற்றி வைத்தாயிற்று. கால்சட்டையும் வெள்ளைத் தொப்பியும்தான். தொப்பியைக் கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை. முனிவேல் கரையில் நின்று கப்பலில் கேட்ட ஆங்கிலத்தில் கத்தினான்: "ஹீவ்! ஹீவ்!" கூடைகள் ஒன்றாகத் தாழ்ந்து ஒன்றாக எழுந்தன. இத்தனை மாதம் துடுப்பில் வராத ஒழுங்கு கூடையில் வந்துவிட்டது.

ராஜப்பனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கூடையைப் பிடித்திருந்தார்.

அப்போது ஏரிக்கரை மேல் ஒரு ஜீப் வந்து நின்றது. அதிகாரி மதராஸிலிருந்து நேரே வரவில்லை. பெங்களூரில் தங்கிவிட்டு, காலைக் குளிரில் சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

ராஜப்பன் கூடையை விடவும் முடியாமல் சல்யூட் அடிக்கவும் முடியாமல் நின்றார்.

அதிகாரி தூத்துக்குடிப் பக்கத்து மனிதர். கீழே இறங்கி வந்தார். பையன்களைப் பார்த்தார். கூடைகளைப் பார்த்தார்.

"இது என்ன பயிற்சி?"

ராஜப்பன் வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்வதா, வேறு ஏதாவது சொல்வதா என்று முடிவாகவில்லை. வரப்பில் களிப் பானையோடு நின்ற சரோஜம்மாள் முந்திக்கொண்டாள்.

"கப்பல் முழுவுதுங்க. தண்ணிய எறைச்சு வெளிய ஊத்தறாங்க."

அதிகாரி அவளைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"எங்கே கப்பல்?"

"அது முழுவிப் போச்சு சார்!" என்றான் முனிவேல், விறைப்பாக.

ராஜப்பன் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி சிரித்தது காதில் விழுந்தது. அதிகாரி ஒரு கூடைக் கயிற்றைத் தாமே வாங்கி நாலு தரம் இறைத்துப் பார்த்தார். மூன்றாவதில் தண்ணீர் அவர் பூட்ஸிலேயே விழுந்தது.

பிறகு ஏரிக்குப் போனார்கள். படகு மிதந்தது. பையன்கள் ஒரு வட்டம் துடுப்பு வலித்தார்கள், பாதி வட்டம் பக்கவாட்டிலேயே போனாலும். முனிவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கரித்தூள் பழக்கம் என்றான். ஜீப்பில் ஏறும்போது அதிகாரி சொன்னார்: "அணி இங்கேயே இருக்கட்டும். உங்க பையன்களுக்குப் படகு ஓட்டறது சுமார். ஆனா முழுகுற கப்பல்ல இவங்கள நம்பலாம்." கொஞ்சம் தள்ளிப் போய் ஜீப்பை நிறுத்தித் தலையை நீட்டினார். "அந்தக் கப்பல்ல நெல் நல்லா பால் பிடிச்சிருக்கு. அறுப்பு வரைக்கும் பார்த்துக்கோங்க, கமாண்டர்."

அன்று ராஜப்பன் மூன்று உருண்டைக் களி தின்றார். இரண்டாவதோடு போதும் என்று சரோஜம்மாள் சொல்லவில்லை.

மறுநாள் காலை வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. ராஜப்பன் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு வெளியே வந்தார். ஏரித் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற கடைமடைக்காரர்கள் ஆறேழு பேர் இறைகூடைகளோடு நின்றார்கள். முன்னால் அவர்களில் மூத்தவரான கோவிந்தப்பன். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"வாத்தியாரே, எங்க கழனியிலயும் ஒரு கப்பல் முழுவிப் போச்சுங்க."

உள்ளேயிருந்து சரோஜம்மாள் சிரித்தாள். ராஜப்பன் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். சற்று யோசித்துவிட்டுத் தொப்பியை மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.